சேலத்துச் சமையலறையில் மாட்டுக்கறி சீஸ் சாண்ட்விச்: புதிதாகச் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சூடான மாட்டுக்கறியை நீளமான ரொட்டிக்குள் அடைத்துத் தரும் சாண்ட்விச்சுக்கு அமெரிக்காவில் இரண்டு நகரங்கள் பெயர்பெற்றவை. பிலடெல்பியாவில் 1930ஆம் ஆண்டுவாக்கில் பாட் ஒலிவியேரி என்பவர் மெல்லியதாக அரிந்த கறியை வெங்காயத்துடன் கல்லில் வதக்கி ரொட்டியில் வைத்து விற்கத் தொடங்கினார். சீஸ் அதில் பிறகுதான் சேர்ந்தது. சிகாகோவில் குடியேறிய இத்தாலியக் குடும்பங்கள் விலை குறைந்த, கடினமான கறியை நீண்ட நேரம் வேகவைத்து, மெல்லிய சீவல்களாக்கி, அதன் சாற்றிலேயே நனைத்து, காரமான காய்கறி ஊறுகாயுடன் ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டன. இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை பிலடெல்பியா வழியைப் பின்பற்றுகின்றன. சேலத்தில் கறி வாங்கி அதே வழியில் செய்பவர்களுக்குக் கிடைப்பது மெல்ல முடியாத ரப்பர்த் துண்டுகள்தான். காரணம் கறியில் இருக்கிறது. அங்கே பயன்படுத்துவது இளம் மாட்டின் விலாப்பகுதியிலிருந்து எடுத்த, தசைக்குள்ளேயே கொழுப்பு ஓடிய கறி. நம் கடைகளில் பெரும்பாலும் தொங்குவது எருமைக்கறியோ வயது முதிர்ந்த மாட்டின் கறியோ ஆகும். அதில் கொழுப்பு குறைவு, இணைப்புத் திசு அதிகம்.

ஆகவே இந்தக் கட்டுரை சொல்லும் முறையில் கறிக்குச் சிகாகோவின் பொறுமையும், சீஸுக்குப் பிலடெல்பியாவின் உருக்கும் முறையும், மேலே வைக்கும் புளிப்புக்கும் மொறுமொறுப்புக்கும் சேலத்துத் தட்டுவடை செட்டும் துணை வருகின்றன. இரண்டு நாட்டுப் பொருள்களை ஒரே தட்டில் வைப்பதாலேயே கலப்புச் சமையல் ஆகிவிடாது என்பது என் கருத்து. ஒவ்வொன்றும் அந்தச் சாண்ட்விச்சில் ஒரு வேலையைச் செய்தாக வேண்டும்.

நான்கு பேருக்கு வேண்டியவை

எலும்பில்லாத மாட்டுக்கறி அரை கிலோ, பெரிய வெங்காயம் மூன்று, நடுத்தர அளவு குடைமிளகாய் ஒன்று, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, ஒன்றிரண்டாக இடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த சோம்பு அரைத் தேக்கரண்டி, கடலை எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, சீஸ் ஸ்லைஸ் எட்டு, நீளமான பன் நான்கு, சிறிது வெண்ணெய், உப்பு. மேலே வைப்பதற்குக் கேரட் ஒன்று, சிறிய பீட்ரூட் பாதி, எலுமிச்சம்பழம் ஒன்று, கெட்டியான புதினா கொத்தமல்லிச் சட்னி கால் கிண்ணம், தட்டுவடை நான்கு. ஏற்காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு மிளகு தேடி அலைய வேண்டியதில்லை; சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏறும் கொடிகளிலிருந்தே மிளகு பறிக்கப்படுகிறது. பாக்கெட்டில் வரும் மிளகுத்தூளைவிட முழு மிளகு வாங்கி அன்றன்று இடித்துக்கொள்வது இந்தச் சாண்ட்விச்சின் மணத்தையே மாற்றிவிடும்.

கறி வாங்கும்போது

தோள்பட்டையை ஒட்டிய பகுதியும் கால் சதையும் இதற்கு ஏற்றவை. அவற்றில்தான் கொலாஜன் என்னும் இணைப்புப் புரதம் நிறைய உண்டு. நீரோடு நீண்ட நேரம் சூடேறும்போது அது ஜெலட்டினாக இளகிக் கறியின் இழைகளுக்கு வழுவழுப்பைத் தருகிறது. தொடைக்கறி பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும் வெந்தபின் வறண்டுபோகும். எருமைக்கறி கருஞ்சிவப்பாகவும் அதன் கொழுப்பு வெள்ளையாகவும் இருக்கும். பசு, காளை வகைக் கறியின் கொழுப்பில் மஞ்சள் சாயல் தெரியும். இரண்டுமே இந்தச் சாண்ட்விச்சுக்கு உதவும் என்றாலும் எருமைக்கறிக்கு வேகும் நேரம் சற்றுக் கூடும். கறியின் மேற்பரப்பில் பிசுபிசுப்போ புளித்த வாடையோ இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

கடையில் நின்றதும் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை, குழம்புக்குப் போடுவதுபோல் சிறு துண்டுகளாக வெட்ட வேண்டாம் என்பதுதான். சொல்லாவிட்டால் கடைக்காரரின் கை பழக்கத்தில் வெட்டிக்கொண்டே போய்விடும். உள்ளங்கை அளவு கொண்ட மூன்று அல்லது நான்கு பெரிய துண்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். துண்டு பெரிதாக இருந்தால்தான் வெந்தபிறகு இழைகளின் போக்கைப் பார்த்து அரிய முடியும். மேலே படர்ந்திருக்கும் தடித்த வெள்ளை ஜவ்வை மட்டும் நீக்கச் சொல்லிவிட்டு, ஓரத்துக் கொழுப்பைக் கொஞ்சம் விட்டுவைக்கச் சொல்ல வேண்டும்.

வேகவைத்தல்

கறியைக் கழுவி ஈரத்தை ஒற்றியெடுத்தபின் மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, முக்கால் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைப் பிசறிக் குக்கரில் அடுக்கி, நாலாக வெட்டிய ஒரு வெங்காயத்தையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் சேர்க்க வேண்டும். உப்பை இப்போதே முழுமையாகப் போடத் தேவையில்லை, ஏனெனில் சீஸிலும் தட்டுவடையிலும் வெண்ணெயிலும் உப்பு இருக்கிறது. முதல் விசில் வரும்வரை பெரிய தீயிலும், பிறகு சிறுதீயில் முப்பது நிமிடமும் வைக்கவும். இத்தனை விசில் என்று கணக்குச் சொல்வது நம் வழக்கமானாலும், குக்கருக்குக் குக்கர், அடுப்புக்கு அடுப்பு விசில் மாறுவதால் முதன்முறை செய்பவர்கள் கடிகாரத்தை நம்புவதே நல்லது.

மலைமேல் இருப்பவர்கள் இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. காற்றழுத்தம் குறைவதால் ஏற்காட்டில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. சேலத்தில் அது 99 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். கறியின் இணைப்புத் திசு இளகும் வேகத்தை வெப்பநிலையே தீர்மானிப்பதால், திறந்த சட்டியில் வேகவைத்தால் மலையில் நேரம் கணிசமாகக் கூடும். குக்கரில் இந்த வித்தியாசம் இரண்டு, மூன்று டிகிரியாகச் சுருங்கிவிடும். ஆகவே ஐந்தாறு நிமிடம் கூடுதலாக வைத்தால் போதுமானது.

ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் திறக்காமல் விடுங்கள். திறந்ததும் ஒரு துண்டைக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். இழைகள் எளிதில் பிரிந்தும் துண்டு முழுவதுமாக உதிராமலும் இருப்பது சரியான பதம். பிரியவில்லையென்றால் மேலும் பத்து நிமிடம் வேகவைக்கலாம். பதம் வந்தபின் கறியை அதன் சாற்றிலேயே இருபது நிமிடம் ஆறவிடுவது முக்கியமானது, ஏனெனில் சூட்டோடு வெளியே எடுத்தால் ஆவியாக ஈரம் பறந்து மேற்பரப்பு காய்ந்துபோகும். மீதமுள்ள சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். வடிகட்டித் தனியே வையுங்கள், அடுத்த கட்டத்தில் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது.

அரிதல்

வெந்த கறியில் இழைகள் ஒரே திசையில் ஓடுவது கண்ணுக்கே தெரியும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்காக, அரை விரற்கடை தடிமனில் அரிந்து, பிறகு கையால் லேசாக உதிர்த்துக்கொள்ள வேண்டும். இழையின் நீளத்திலேயே பிய்த்துப் போட்டால் கறி எவ்வளவு மென்மையாக வெந்திருந்தாலும் முதல் கடியிலேயே மொத்த இழையும் பன்னுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். கறி முழுவதுமாக ஆறியபின் அல்லது குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தபின் அரிவது எளிது.

குக்கரே வேண்டாம், வேகமாக முடிக்க வேண்டும் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அண்டர்கட் என்று கடைக்காரர்கள் சொல்லும், முதுகெலும்பின் உட்புறத்து மெல்லிய தசையைக் கேட்டு வாங்கி, ஃப்ரீசரில் முக்கால் மணி நேரம் இறுகவைத்து, இழைக்குக் குறுக்கே முடிந்தவரை மெல்லிய சீவல்களாக அரிய வேண்டும். ஒரு தேக்கரண்டி பச்சைப் பப்பாளி விழுதைப் பிசறி அரை மணி நேரம் ஊறவைத்தால் அதிலுள்ள பப்பாயின் என்னும் நொதி புரதத்தை உடைத்து மென்மையாக்கும்; அதற்குமேல் ஊறினால் கறி குழைந்து மாவுபோல் ஆகிவிடும். இந்தச் சீவல்களைப் பெரிய தீயில் சிறிது சிறிதாகப் போட்டு, சிவப்பு முழுவதும் மறையும்வரை வதக்கினால் போதும். ஆனால் அண்டர்கட் எல்லா நாளும் கிடைப்பதில்லை, விலையும் கூடுதல். சுவையிலும் கால் சதைக்கு அது ஈடாகாது.

மேலே வைக்கும் பொருள்களை முதலில் முடித்துவிடுங்கள்

அடுப்பில் வேலை தொடங்கிவிட்டால் வேறெதற்கும் நேரம் இருக்காது. ஆகவே கேரட்டையும் பீட்ரூட்டையும் மெல்லியதாகத் துருவி, எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துப் பத்து நிமிடம் வைத்து, உள்ளங்கையில் அழுத்திப் பிழிந்து எடுத்து வையுங்கள். பிழியாமல் வைத்தால் பீட்ரூட் சாறு பன்னை ஊறவைத்துவிடும். புதினாச் சட்னியைத் தண்ணீர் விடாமல் பச்சைமிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றோடு கெட்டியாக அரைக்க வேண்டும். தயிர் சேர்க்கும் பழக்கமுள்ளவர்கள் இதற்கு மட்டும் அதைத் தவிர்த்துவிடலாம்.

சேலத்தின் மாலைநேரத் தள்ளுவண்டிகளில் இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே சட்னியும் துருவிய காயும் வைத்துத் தரும் செட்டைச் சாப்பிட்டவர்களுக்கு இந்தச் சேர்க்கையின் நியாயம் உடனே புரியும். மாட்டுக்கறியும் சீஸும் வெண்ணெயும் சேரும்போது மூன்றாவது வாய்க்கே நாக்கு திகட்டிவிடும். சிகாகோக்காரர்கள் காரமான ஊறுகாய்க் காய்களைச் சேர்ப்பதும் அந்தத் திகட்டலை அறுக்கத்தான். அதே வேலையைப் பிழிந்த பீட்ரூட்டும் புதினாவும் இங்கே செய்கின்றன. தட்டுவடையைக் கையால் நொறுக்கி, மிளகாயும் பூண்டும் அரைத்த சிவப்புச் சட்னி வீட்டில் இருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி பிசறி வைத்துக்கொள்ளுங்கள். நொறுக்கல் விற்கும் கடைகளில் செய்வதுபோல் பரிமாறும் நேரத்தில்தான் பிசற வேண்டும். முன்பே செய்தால் நமுத்துவிடும்.

கல்லில் செய்ய வேண்டியவை

கனமான வார்ப்பிரும்புக் கல்லோ அடிகனமான அகன்ற கடாயோ வேண்டும். தோசைக்கென்று பழக்கி வைத்திருக்கும் கல்லை இதற்கு எடுக்காதீர்கள். கறிச்சாறு ஒட்டிப்போன இடத்தைச் சுரண்டும்போது கல்லில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பதம் பெயர்ந்துவிடும். மறுநாள் காலைத் தோசை ஒட்டினால் வீட்டில் யாருடைய திட்டு விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கல்லை நடுத்தரத் தீயில் சூடாக்கி ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, மீதி இரண்டு வெங்காயத்தை நீளவாக்கில் அரிந்து போட்டு, ஓரங்கள் பழுப்பாகும்வரை எட்டுப் பத்து நிமிடம் வதக்குங்கள். அதன்பின் குடைமிளகாயைச் சேர்த்து இரண்டு நிமிடம் மட்டும் புரட்டி இரண்டையும் தட்டில் எடுத்து வைக்க வேண்டும். இப்போது தீயைக் கூட்டி, மீதி எண்ணெயை விட்டு, அது நன்கு காய்ந்ததும் அரிந்த கறியை ஒரே அடுக்காகப் பரப்பி, இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். புதியவர்களுக்கு இந்த இரண்டு நிமிடம்தான் கடினம். கை கரண்டியைத் தேடும். கிளறிக்கொண்டே இருந்தால் கறியிலிருந்து நீர் வெளிவந்து கல்லின் சூடு 100 டிகிரிக்குமேல் ஏறாது. பழுப்பு நிறத்தையும் வறுவல் மணத்தையும் தரும் வேதிமாற்றமோ ஏறக்குறைய 140 டிகிரிக்குமேல்தான் வேகமாக நடக்கிறது. கல் சிறியதாக இருந்தால் கறியை இரண்டு தவணையாகப் போடுவது அவசியம்.

அடிப்பக்கம் பழுப்பானதும் திருப்பிப்போட்டு மிளகையும் சோம்புப் பொடியையும் தூவி, ஒரு நிமிடம் கழித்து, எடுத்து வைத்த கறிச்சாற்றில் ஐந்தாறு மேசைக்கரண்டி ஊற்றுங்கள். கல்லில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படலம் இளகி வரும். அதைத் தோசைத் திருப்பியால் சுரண்டிக் கறியோடு சேர்த்துவிட வேண்டும். சாற்றிலுள்ள ஜெலட்டின் வற்றும்போது ஒவ்வொரு துண்டின் மேலும் பளபளப்பாகப் பூசிக்கொள்ளும். கொழுப்பு குறைந்த நம் கறிக்கு அது கொழுப்பின் இடத்தை ஓரளவு நிரப்புகிறது. விருப்பமுள்ளவர்கள் இந்த இடத்தில் பால், சர்க்கரை சேர்க்காத காபி டிகாக்ஷன் ஒரு மேசைக்கரண்டி விடலாம். காபியின் மணம் தனியாகத் தெரியாது. வறுத்த கறியின் கசப்பும் அடர்த்தியும் ஒரு படி கூடும். சிக்கரி அதிகம் கலந்த பொடியாக இருந்தால் அரை மேசைக்கரண்டிக்குமேல் வேண்டாம். சாறு முழுவதும் வற்றி, கறி ஈரப்பசையோடும் கல்லில் நீர் தேங்காமலும் இருக்கும்போது வெங்காயத்தையும் குடைமிளகாயையும் சேர்த்துப் புரட்டி, உப்புச் சரிபார்த்து, தீயைக் குறைத்துவிடுங்கள்.

சீஸ்: எது உருகும், எது உருகாது

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. பனீரைப் போட்டால் உருகட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. கொதிக்கும் பாலைப் புளிப்பால் திரித்துச் செய்வதால் அதன் புரதம் சூட்டில் நெகிழாத வலையாக இறுகிவிடுகிறது. எவ்வளவு வறுத்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். மொசரெல்லா நன்றாக உருகி நூலாக இழுபடும், ஆனால் சுவையில் மென்மையானது, ஆறியதும் விரைவில் இறுகிவிடும். நன்கு முதிர்ந்த செடாருக்குச் சுவை அதிகம். பெருஞ்சூட்டில் அதிலிருந்து எண்ணெய் பிரிந்து ஓடும். நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் அமுல் போன்ற பதப்படுத்திய சீஸில் சேர்க்கப்படும் உப்பு வகைகள் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்வதால் அது ஒரே சீரான குழம்பாக உருகுகிறது. சுவிட்சர்லாந்தில் 1911இல் இந்த வகைச் சீஸ் முதலில் உருவாக்கப்பட்டது. பிலடெல்பியாவிலும் இத்தாலிய வகையான புரொவலோனை விரும்புகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், பதப்படுத்திய சீஸ் குழம்பை ஊற்றிக் கேட்பவர்கள் இன்னொரு பக்கம் இருக்கிறார்கள். ஆகையால் பாக்கெட் சீஸைப் பயன்படுத்துவது தரக்குறைவு என்று யாரும் கூச வேண்டியதில்லை. ஒரு சாண்ட்விச்சுக்கு ஒரு சீஸ் ஸ்லைஸும் ஒரு கைப்பிடி துருவிய மொசரெல்லாவும் வைப்பது என் தேர்வு. மொசரெல்லா கிடைக்காத நாளில் இரண்டு ஸ்லைஸ்.

பன்

நம் பேக்கரி பன்களில் பெரும்பாலானவை இனிப்பானவை. ஹாட் டாக் பன் என்று கேட்டால் கிடைக்கும் நீளமான வகை ஓரளவு இனிப்புக் குறைந்தது. அது இல்லையென்றால் தடித்த துண்டுகளாக அரிந்த சாதாரண ரொட்டி போதும். கிரீம் பன், பழப் பன் வகைகள் கூடாது. ஒரு பக்கம் இணைந்திருக்கும்படி பன்னை நீளவாக்கில் பிளந்து, உட்புறத்தில் வெண்ணெய் தடவி, கல்லின் ஓரத்தில் கவிழ்த்துப் பொன்னிறமாக வாட்டிக்கொள்ள வேண்டும். உட்புறம் இப்படி இறுகினால்தான் கறியின் ஈரம் உள்ளே இறங்காது. சட்னியை வாட்டிய பக்கத்தில் மெல்லியதாகத் தடவுங்கள்.

சேர்த்து முடித்தல்

கல்லில் இருக்கும் கறியை நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பன்னின் நீளத்துக்கு ஒரு குவியலாக ஒதுக்கி, மேலே சீஸை வைக்கவும். கல்லின் காலியிடத்தில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளித்து உடனே ஒரு மூடியால் கவிழ்த்து மூடினால் அந்த ஆவியில் அரை நிமிடத்துக்குள் சீஸ் உருகி இறங்கும். மூடியைத் திறந்து, பிளந்த பன்னைக் குவியலின்மேல் கவிழ்த்து, தோசைத் திருப்பியைக் கறிக்கு அடியில் முழுவதுமாகச் செலுத்தி, மற்றொரு கையால் பன்னைப் பிடித்தபடி ஒரே வீச்சில் திருப்ப வேண்டும். முதல் பன்னில் பாதிக் கறி சிந்தினாலும் பரவாயில்லை, கரண்டியால் அள்ளி உள்ளே வைத்துவிடலாம். திருப்பும் பழக்கம் இரண்டாவது, மூன்றாவது பன்னில் கைக்கு வந்துவிடும். கடைசியாகப் பிழிந்த கேரட் பீட்ரூட்டைக் கறியின்மேல் பரப்பி, அதன்மேல் நொறுக்கிய தட்டுவடையைத் தூவுங்கள். இந்த இரண்டையும் அடுப்பில் வைக்கக் கூடாது; கறியின் சூடும் காயின் குளிர்ச்சியும் ஒரே வாயில் தெரிய வேண்டும்.

மார்கழிக் குளிரில் ஏற்காட்டில் செய்பவர்கள் தட்டுகளை வெந்நீரில் காட்டித் துடைத்துவிட்டுப் பரிமாறுவது நல்லது, இல்லாவிட்டால் தட்டில் பட்ட சீஸ் சில நிமிடத்தில் மெழுகாக இறுகும். சேலத்துக் கோடையில் சிக்கல் வேறு. வெயில் 32 டிகிரிக்குமேல் இருக்கும்போது வெந்த கறியை ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்கக் கூடாது. வேகவைத்த கறியைச் சாற்றோடு மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோவாக வேகவைத்துக்கொண்டு, வேண்டிய அளவை மட்டும் கல்லில் வறுத்துக்கொள்ளலாம். சீஸ் சேர்த்துக் கட்டி முடித்த சாண்ட்விச்சை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். மறுபடி சூடாக்கினால் பன் தோலாகிவிடும், பீட்ரூட் வெந்துவிடும். மீந்த கறிச்சாறு குளிரில் பாகுபோல் உறைந்திருக்கும். அதை மறுநாள் மிளகு ரசத்துக்கோ பருப்புக் குழம்புக்கோ இரண்டு கரண்டி சேர்த்துக்கொள்ளலாம்.